ஒரே சகனில் இரண்டு பெரிய நாடுகள்

திட்டமிடல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட, நானே சொல்லி நீங்கள் சிரிப்பது எனக்குக் கொஞ்சம் கௌரவம். இரண்டு பெரிய நாடுகளின் தூதரக வாகனங்கள் சாய்ந்தமருதுவின் குறுக்குத் தெரு ஒன்றில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றால், அடுத்த உலகப் போர் அந்தத் தெருவிலேயே தொடங்கிவிடும் என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.  பிற்காலத்துச் சரித்திரப் புத்தகத்தில் 'கல்முனைப் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவரின் கவனயீனத்தால்' என்று ஒரு வரி வரும், அதைப் பேரப்பிள்ளைகள் பரீட்சைக்கு மனனம் செய்வார்கள் என்றெல்லாம் எண்ணினேன்.

அரச சேவையை நான் ஐம்பத்தைந்து வயதிலேயே விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வாய்க்குத்தான் சேவை ஒத்துவரவில்லை. இப்போது நீங்கள் உட்காரும் அதே கந்தோரில், அதே காற்றாடிக்குக் கீழே, வெளிநாட்டு உதவித் திட்டங்களைப் பார்க்கும் வேலை என்னிடம் இருந்தது. அந்த நாடுகளின் பெயர்களை எழுத மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, வரட்டும். வேகமாக எழும்பி வரும் நாட்டுக்காரரைப் 'புதியவர்கள்' என்றும், எப்போதோ எழும்பி நின்று இப்போது கால் கடுக்கத் தொடங்கிய நாட்டுக்காரரைப் 'பழையவர்கள்' என்றும் வைத்துக்கொள்வோம்.

நம்மைப் போல ஒரு சின்னத் தீவைத் தேடி இவர்கள் ஏன் வருகிறார்கள் என்று உங்களுக்குக் கேள்வி வரும். எனக்கும் வந்தது. சிலர் கடல்வழி என்பார்கள், சிலர் உலக சபையில் நம்முடைய ஒரு வாக்கு என்பார்கள், சிலர் வெறும் நட்பு என்பார்கள். மூன்றும் உண்மையாக இருக்கலாம். எனக்குக் கண்ணால் தெரிந்தது இவ்வளவுதான்: புதியவர்கள் ஒரு கட்டடம் தந்தால் அடுத்த கிழமை பழையவர்கள் ஒரு பயிற்சி வகுப்போடு வருவார்கள். பழையவர்கள் வகுப்பு வைத்தால் புதியவர்கள் அந்த வகுப்புக்குப் போவதற்கு ஒரு வீதி போட்டுத் தருவார்கள். இரு தரப்பின் பெயர்ப்பலகையும் கட்டடத்தைவிடப் பெரிதாக இருக்கும். நாடு டொலர் வறண்டு கிடந்த காலத்தில் இந்தப் போட்டி எங்களுக்கு மழை மாதிரி. குடையைப் பிடிப்பதா வாளியைப் பிடிப்பதா என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போது எங்கள் கரையின் தேவை ஒன்றே ஒன்று. ஐஸ்.

ஊரே அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று அழைக்கும் மீனவர் சங்கத் தலைவர் சலீம் காக்காவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்து வருடம் மஸ்கட்டில் இருந்து உழைத்து, வந்து ஆழ்கடல் படகு ஒன்று வாங்கியவர். எங்கள் படகுகளுக்கு ஐஸ் வெளியூரிலிருந்து லொறியில் வரும். லொறி சுணங்கினால் படகு கடலுக்குப் போகாது. போன படகு வரும்போது லொறி சுணங்கினால் மீன் பழுதாகத் தொடங்கும். அதைத் தெரிந்த வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், விலை தன் பாட்டில் இறங்கும். சலீம் காக்காவின் மகன்மார் இருவரும் கடலுக்குப் போனவர்கள். இரண்டு பேரும் கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார்கள். மனுசன் என்னிடம் வந்து ஒரு நாள் சொன்னார்.

"தம்பி, கடலுக்கு நான் பயப்படல்ல. இவனுகள் ரெண்டு பேரும் போனா, படக வித்துப்போட்டு நான் வீட்டுக்குள்ள இரிக்கிறதுதான். ஐஸ் இஞ்சயே கிடைச்சா நிப்பானுகள். அத மட்டும் பாருங்க."

பார்க்கிறேன் என்றேன். பார்த்த விதத்தைத்தான் இனிச் சொல்லப்போகிறேன். சிரிப்பதற்கு இப்போதே தயாராகுங்கள்.

கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நான் செய்த காரியம் இது. புதியவர்களுக்குப் பெரியது பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே அவர்களுக்கு அனுப்பிய முன்மொழிவில் ஒரு மீன்பிடித் துறைமுகம் கேட்டேன். இறங்குதுறை, அலைத்தடுப்புச் சுவர், ஏலமண்டபம், எல்லாம். பழையவர்களுக்கு வகுப்பும் அறிக்கையும் பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே அவர்களிடம் 'கரையோரச் சமூகத்தின் திறன் விருத்தி நிலையம்' கேட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஐஸ் என்ற சொல் இரண்டிலும் கடைசிப் பக்கத்தில், 'ஏனைய வசதிகள்' என்பதற்குள் ஒளிந்து கிடந்தது. இது போதாதென்று, இரண்டுக்கும் காட்டிய காணி ஒன்றுதான்: கடற்கரையோரம் சங்கத்துக்குச் சொந்தமான அந்த ஒரே துண்டு. இருவரும் தரப்போவதில்லை, ஒருவராவது தந்தால் போதும் என்ற எண்ணத்தில் செய்தது. இருவருமே ஆசையோடு வருவார்கள் என்று யார் கண்டது?

புதியவர்களுக்குப் பெருநாள் விருந்தில் கலந்துகொள்ள ஆசை. மக்களோடு மக்களாகப் பழகுவது அவர்கள் கொள்கையாம். அவர்களை நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள் வரச் சொன்னேன். பழையவர்கள் கொழும்பிலிருந்து கிழமையும் திகதியும் போட்டுத்தான் வருவார்கள். அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை கொடுத்தேன். என் கணக்கு சுத்தமான கணக்கு. வெள்ளி மாலை பிறை தெரியும், சனி பெருநாள், திங்கள் மூன்றாம் நாள். புதியவர்கள் திங்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள், பழையவர்கள் செவ்வாய் வருவார்கள். நடுவில் ஓர் இரவு. ஒரு கொடியை இறக்கி மற்றக் கொடியை ஏற்ற அது போதும்.

வெள்ளி மாலை கடற்கரையில் ஊரே நின்றது. மேகம். கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்தது: பிறை தென்படவில்லை, இன்னும் ஒரு நோன்பு. எனக்குக் கவலையே இல்லை. இன்னொரு நாள் நோன்புக் கஞ்சி கிடைக்கிறதே என்று சந்தோசப்பட்டேன்.

பிறை ஒரு நாள் தள்ளினால் எங்கள் ஊரில் எல்லாமே ஒரு நாள் தள்ளும். தையற்காரர் தள்ளுவார், இறைச்சிக் கடை தள்ளும், மாப்பிள்ளை வீட்டார் தள்ளுவார்கள், யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் என் தலைக்குள் புதியவர்கள் செவ்வாய்க்குத் தள்ளினார்கள், அவர்களுக்குப் பின்னால் பழையவர்கள் தானாகப் புதனுக்குத் தள்ளினார்கள். தூதரகத்தின் செவ்வாய்க்கிழமை எங்கள் பிறைக்குத் தள்ளாது என்பது, அல்லாஹ் மேல் ஆணை, எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

திங்கள் அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டு, பெருநாள் இனிப்பான வட்டிலாப்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். கைபேசி அடித்தது. பழையவர்களின் உதவியாளர். அறுகம்பேயில் தங்கியிருக்கிறார்களாம், பின்னால் அலைச் சத்தம் கேட்டது. நாளைக்குச் சந்திப்போம் என்றார்.

நாளைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். செவ்வாய் என்றார். அதற்கு முதல் நாள் என்ன கிழமை என்றும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் பொறுமையான மனிதர், திங்கள் என்றார்.

எங்கள் பிரதேச செயலாளர் ஆலையடிவேம்பைச் சேர்ந்த பெண். எதற்கும் அவசரப்படாதவர். மேடத்துக்கு அழைத்து, நாடு அழியப் போவதைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சாப்பாடு போதுமா?"

"மேடம், இது சாப்பாட்டுப் பிரச்சினை இல்ல."

"அப்ப போதும் எண்டுறீங்க. நான் காலையில வாறன்."

அவர் வைத்துவிட்டார். நான் தனியே உட்கார்ந்து, இரு தரப்பும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பதற்கு ஒரு போர்த்திட்டம் தீட்டினேன். பழையவர்கள் அறுகம்பேயிலிருந்து, தெற்கிலிருந்து வருவார்கள். அவர்களை வழியில் சாகாமம் குளத்துக்குத் திருப்பி, அங்குள்ள நீர்ப்பாசன நண்பர் ஒருவர் பிற்பகல்வரை பிடித்து வைத்திருப்பார். புதியவர்கள் அம்பாறை நகரிலிருந்து வருவார்கள். அவர்களை நான் நேரே மருதமுனைக்குக் கொண்டுபோய்க் கைத்தறி காட்டி, பகல் சாப்பாட்டுக்குச் சலீம் காக்கா வீட்டுக்குக் கொண்டுவந்து, உண்ட கையோடு வழியனுப்பிவிடுவேன். பிறகு பழையவர்கள் தேநீருக்கு வருவார்கள். திட்டத்தில் ஓட்டையே இல்லை. ஓட்டை முழுவதும் என்னிடம் இருந்தது.

செவ்வாய் காலை புதியவர்கள் வந்தார்கள். பொருளாதார ஆலோசகர் ஒருவர், சிரித்த முகம், அதிகம் பேச மாட்டார். அவரோடு ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் தம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே தமிழ் படித்து, தமக்கு இளமாறன் என்று தாமே பெயர் வைத்துக்கொண்டவர். இறங்கியதும் என்னிடம், "ஐயா, தங்கள் முகம் வாடியிருக்கிறதே, நோன்பின் களைப்போ?" என்றார். அந்தத் தமிழைக் கேட்டு என் முகம் இன்னும் வாடியது. எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லையும் அவருக்குத் தெரியாமல் சொல்ல முடியாது.

ஆலோசகர் எனக்கு ஒரு குடை தந்தார், அவர்கள் கொடி அச்சடித்தது. வெயிலுக்கு நல்ல குடை. அதைப் பழையவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் வாகனத்தில் கிடந்த என் சாரனுக்குள், அதாவது கைலிக்குள், சுற்றிப் பின்னால் வைத்தேன். பார்த்தவர்களுக்கு நான் சுடும் துவக்கு ஒளிப்பது போல இருந்திருக்கும்.

மருதமுனையில் என் திட்டம் முதல் அடி வாங்கியது. பெருநாளின் மூன்றாம் நாள் ஒரு தறிக்காரர் வீட்டுக்குள் போனால், அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீடு சும்மா இருக்குமா? ஒவ்வொரு வீட்டிலும் தொதல், பலகாரம், பால் விடாத பிளேன்டி. மறுத்தால் மனவருத்தம். ஆலோசகர் எதையும் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் சாரன் இரண்டு வாங்கி, ஒன்றை அங்கேயே காற்சட்டைக்கு மேல் உடுத்திக்கொண்டார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அதே நேரத்தில் சாகாமத்தில் என் நீர்ப்பாசன நண்பர் துருசு என்ற மதகைப் பற்றிச் சொல்லி முடித்து, வான்கதவுக்கு வந்து, தன் இடமாற்றப் பிரச்சினைக்கும் வந்துவிட்டார். பழையவர்களுக்குப் பசி. தாங்களே புறப்பட்டு, எங்கள் சாப்பாட்டு வீடு எது என்று வழியில் விசாரித்துக்கொண்டே வந்துவிட்டார்கள். சலீம் காக்கா வீட்டைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் காட்டும்.

அந்தத் தெருவில் ஒரு வாகனம்தான் போகலாம். நாங்கள் வடக்கிலிருந்து நுழைந்தோம், அவர்கள் தெற்கிலிருந்து நுழைந்தார்கள். சலீம் காக்காவின் கேற்றடியில் மூக்கோடு மூக்கு. இரண்டிலும் கொடி.

யார் பின்னால் எடுப்பது? பின்னால் எடுப்பவர் உலகத்தின் முன்னால் பின்வாங்கியவர் அல்லவா? நான் பாய்ந்து இறங்கி நடுவில் நின்றேன். இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டினேன், மாடு மறிக்கிறவன் மாதிரி. பழையவர்களின் ஓட்டுநரிடம், எதிரில் நிற்பது சுகாதாரப் பகுதியின் கொசு, நுளம்பு ஒழிப்பு வாகனம் என்று சொன்னேன். கொடியோடு நுளம்பு ஒழிப்பார்களா என்று அவர் கேட்கவில்லை. பார்த்த பார்வையே போதுமாக இருந்தது.

இரண்டு கதவுகளும் திறந்தன. பழையவர்களின் அதிகாரி இறங்கினார், உயரமான மனிதர். புதியவர்களின் ஆலோசகர் சாரனோடு இறங்கினார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் சாகப் போகிறவன் போலக் கண்ணை மூடிக் கலிமா சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது இருவரும் கட்டிப்பிடித்து நின்றார்கள். கொழும்பில் ஒரே கழகத்தில் பட்மின்டன் விளையாடுகிறவர்களாம். பிள்ளைகள் ஒரே வகுப்பாம். போன கிழமை வீட்டில் சேர்ந்து சாப்பிட்டார்களாம். உயரமானவர் சாரனைக் காட்டிச் சிரித்தார், ஆலோசகர் உங்களுக்கும் ஒன்று வாங்கிவிட்டேன் என்று ஒரு பார்சலை நீட்டினார். அந்த வெயிலில் போர்க்கோலத்தில் நின்றது நான் ஒருவன்தான். சலீம் காக்கா கேற்றில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, முகம் ஐஸ் இல்லாத மீன் மாதிரிக் கிடக்கு?"

உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இவர்கள் சண்டை பிடித்தால்கூடப் பரவாயில்லை. நட்பாக உட்கார்ந்து கதைத்தால் என் இரண்டு முன்மொழிவுகளும் ஒரே காணியில் சந்தித்துவிடும். ஏமாற்றுக்காரர் என்று இருவரும் எழும்பிப் போனால் ஐஸும் போச்சு, சலீம் காக்காவின் பிள்ளைகளும் போச்சு. ஆகவே இரு தரப்புக்கும் வேறு வேறு அறையில் சாப்பாடு வையுங்கள் என்று காக்காவின் காதுக்குள் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களில் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: விருந்தென்றால் நாங்கள் ஆளுக்கொரு தட்டு வைப்பதில்லை. சகன் என்று பெரிய தட்டு, அதில் சோற்றைக் குவித்து நடுவில் இறைச்சி வைத்து மூடிக் கொண்டுவருவார்கள். ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே சகனில் கை வைப்பார்கள். ஆள் நிரம்பாமல் மூடி திறக்காது. இடம் குறைந்தால் பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் இழுத்து இருத்துவார்கள்.

"ரெண்டு பேருக்கு ஒரு சகனா? ஊரு காறித் துப்பும். அவங்க ரெண்டு பேர், இவங்க ரெண்டு பேர், நான் ஒண்டு, நீங்க ஒண்டு. இரிங்க."

இருந்தோம். புதிய ஆலோசகர், இளமாறன், உயரமானவர், அவருடைய கொழும்பு உதவியாளர், சலீம் காக்கா, நான். மேடம் உள்ளே காக்காவின் மனைவியோடு சாப்பிட இருந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். மூடி திறந்தது. கோழிப் புரியாணி ஆவி பறந்தது. கையால் சாப்பிடுவதற்கு உயரமானவருக்கு இளமாறன் செந்தமிழில் விளக்கம் கொடுக்க, உதவியாளர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, எல்லோரும் நல்ல சந்தோசம். அவரவர் தங்கள் பக்கத்தால் சோற்றைக் குடைந்து நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

அப்போது புதிய ஆலோசகர் ஆங்கிலத்தில், துறைமுகத்தின் ஏலமண்டபம் அந்தக் காணியின் எந்தப் பக்கம் வரும் என்று என்னைக் கேட்டார். உயரமானவரின் கை சோற்றுக்குள் நின்றது. எந்தக் காணி என்று கேட்டார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன கேக்கிறாரு?" என்றார் சலீம் காக்கா.

"கோழி நல்லா இருக்காம்" என்றேன்.

"இல்லை ஐயா" என்றார் இளமாறன், மிகப் பணிவாக. "காணியைப் பற்றி வினவுகிறார்."

சலீம் காக்கா ஒன்றும் பதறவில்லை. நடுவில் கிடந்த கோழியைப் பிய்த்து, ஒரு நல்ல துண்டை ஆலோசகர் பக்கமும் ஒரு நல்ல துண்டை உயரமானவர் பக்கமும் தள்ளினார். பிறகு என்னிடம், "அவங்களுக்குச் சொல்லுங்க, எங்களுக்குத் துறைமுகம் வாணாம், வகுப்பும் வாணாம், ஐஸ் அடிக்கிற மெசின் ஒண்டு தந்தாப் போதும் எண்டு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். சங்கத்தின் தலைவர் இரு நாடுகளின் தொலைநோக்கையும் ஆழமாக மதிக்கிறார், நீண்டகாலப் பங்காளித்துவத்தின் பின்னணியில் பல்வேறு தெரிவுகளையும் திறந்த மனதோடு ஆராய விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் ஓடினேன். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் காலநிலை மாற்றத்தையும் தொட்டேன்.

"தம்பி" என்றார் சலீம் காக்கா. "நான் இவ்வளவு கதைக்கல்லயே. நான் மஸ்கட்டில பத்து வருசம் இருந்தவன்." பிறகு இரு பக்கமும் பார்த்து, சோறு ஒட்டிய விரலை உயர்த்தி, அவருடைய ஆங்கிலத்திலேயே சொன்னார்: "ஹார்பர் நோ. கிளாஸ் நோ. ஐஸ்."

 ஆலோசகர் மென்று விழுங்கினார். பிறகு என்னைப் பார்த்து, அப்படியென்றால் துறைமுகம் ஏன் கேட்டீர்கள் என்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே அறிய விரும்பினார்.

தம்பிமாரே, இந்த இடத்தில்தான் எனக்குப் பதினெட்டுப் பொய்கள் ஒரே நேரத்தில் வந்தன. அமைச்சு சொன்னது என்று சொல்லலாம். தட்டச்சுப் பிழை என்று சொல்லலாம். ஆனால் ஒரு பொய்யை ஆங்கிலத்தில் சொன்னால் இளமாறன் அதைச் செந்தமிழில் காக்காவுக்குச் சொல்லிவிடுவார். தப்ப வழியில்லாதபடியால் உண்மையைச் சொன்னேன். நீங்கள் பெரியதைத்தான் விரும்புவீர்கள் என்று நினைத்தேன், அவர்கள் வகுப்பைத்தான் விரும்புவார்கள் என்று நினைத்தேன், ஐஸ் என்று கேட்டால் சின்னத்தனமாக இருக்கும் என்று வெட்கப்பட்டேன். காணி ஒன்றுதான், அதை இருவருக்கும் காட்டியது நான்தான்.

ஆலோசகர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். இதற்கு முன் இரண்டு சின்னத் தீவுகளில் வேலை செய்திருக்கிறாராம். இரண்டிலும் பெரிய மண்டபம் கட்டிக்கொடுத்தார்களாம். திறப்பு விழாவுக்குப் பிறகு உள்ளே யாரும் போகவில்லையாம். "அங்கேயும் உங்களைப் போல ஒருவர் இருந்திருப்பார்" என்றார். உயரமானவர் அதற்கு அப்படிச் சிரித்தார், புரைக்கேறிவிட்டது. அவர் முதுகில் தட்டியது ஆலோசகர்தான்.

சலீம் காக்காவுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. இந்த முறை என்னை நம்பவில்லை, இளமாறனைப் பார்த்துக் கேட்டார்.

"மெசின் பழுதாப்போனா ஆரு திருத்துற? உங்கட ஊரால ஆள் வரும் மட்டும் மீன் பொறுக்குமா?"

இளமாறன் அதை மொழிபெயர்த்தார்.  இயந்திரம் தரலாம், ஆனால் ஆள் தருவது வேறு திணைக்களம் என்றார் ஆலோசகர். உயரமானவர் கையை நக்கிக்கொண்டே சொன்னார்: எங்களிடம் பயிற்சிக்குப் பணம் இருக்கிறது, பயிற்றுவிப்பதற்கு இயந்திரம்தான் இல்லை. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். இரு நாடும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத் தலைநகரங்கள் விடாது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"ஒரே கடுதாசி எதுக்கு?" என்றார் சலீம் காக்கா. "அவர் மெசினத் தரட்டும். இவர் பொடியன்களப் படிப்பிக்கட்டும். கட்டடத்தச் சங்கம் கட்டும். கடுதாசியில நீங்க ஒருத்தரையொருத்தர் காணல்ல, எனக்கென்ன?"

வட்டிலாப்பம் வந்தபோது மேடமும் வந்து கதவடியில் நின்றார். எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டிருக்கிறார். இரண்டு விருந்தினருக்கும் இனிமையாக வணக்கம் சொல்லி, காணி சங்கத்தின் பெயரிலேயே இருக்கும், யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ குத்தகைக்கு விடவோ மாட்டோம், அதற்குச் சம்மதமென்றால் மட்டும் மற்றதைக் கதைப்போம் என்றார். அவ்வளவு மென்மையாகச் சொன்னார், இருவரும் தலையாட்டிய பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று யோசித்தார்கள்.  கந்தோருக்குத் திரும்பிப் படியேறும்போது மேடம் என்னிடம் சொன்னார்: "ரெண்டு முன்மொழிவையும் நாளைக்குக் காலையில மாத்தி எழுதுங்க. முதல் வரியில ஐஸ் எண்டு இருக்கவேணும்."

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான், நீட்ட மாட்டேன். பெரிய நாட்டுக்காரர் வந்தால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து எழுதாதீர்கள். அவர் அதற்கு ஆள் வைத்திருக்கிறார். உங்கள் கரைக்கு என்ன வேண்டும் என்று சொல்லத்தான் அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் தருகிறது. அது சின்னதாக இருந்தால் சின்னதாகவே கேளுங்கள். பழுதானால் யார் திருத்துவது என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். காணியை மட்டும் சிரித்துக்கொண்டே கொடுக்காதீர்கள். ஒரு பெரியவர் வந்தால் மற்றப் பெரியவரை ஒளித்து வைக்கவும் வேண்டாம். அவர்கள் ஒருவரையொருவர் நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஒளித்து வைத்ததில் எனக்கு மிஞ்சியது வயிற்றோட்டம்.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். கொழும்பில் ஓர் அமைச்சு ஏன் துறைமுகத்தை வேண்டாம் என்றீர்கள் என்று விளக்கம் கேட்டது. இன்னொரு அமைச்சு, இதே ஐஸ் ஆலையை வேறு ஊருக்குக் கேட்டது. இயந்திரம் கொழும்புத் துறைமுகத்தில் நெடுங்காலம் கிடந்தது. பெயர்ப்பலகையைப் பற்றி இரு தூதரகங்களும் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஆலையைவிட உயரமாக இருக்கும். கடைசியில் ஒரு பலகை கடலைப் பார்த்த சுவரிலும் மற்றது வீதியைப் பார்த்த சுவரிலும் மாட்டப்பட்டது. யார் படம் எடுத்தாலும் ஒரு படத்தில் ஒரு நாடுதான் விழும். இரண்டு பக்கமும் திருப்தி.

ஐஸ் ஆலை இன்று ஓடுகிறது. இயந்திரம் புதியவர்களுடையது, கட்டடமும் காணியும் சங்கத்தினுடையது, இயந்திரத்தைத் திருத்தத் தெரிந்த நாலு பேரும் பழையவர்களின் பணத்தில் படித்தவர்கள். இரண்டு தடவை பழுதானது, இரண்டு தடவையும் அன்றைக்கே திருத்தினார்கள். துறைமுகம் வரவில்லை. சலீம் காக்காவின் மூத்த மகன் எப்படியும் கட்டாருக்குப் போய்விட்டான், அங்கே நல்ல வேலை. இளையவன் போகவில்லை. அந்த நாலு பேரில் அவன் ஒருவன். படகு விற்கப்படவில்லை.